கல்லை மூன்றடி தள்ளி வைக்கச் சொன்னவனுக்கு

மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மண்ணெண்ணெயும் தேய்த்துப் பார்த்தேன். பைபர் படகுக்குப் பூசுகிற ரெசினின் மணம் கையை விட்டுப் போகவில்லை. பகல் சோற்றில் கை வைத்தபோது மீன் குழம்பையும் மீறிக்கொண்டு அது வந்தது. முப்பது வருடமாக நீ இந்த மணம் வீசுகிற கையால்தான் சாப்பிட்டாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் எத்தனை தடவை மூக்கைச் சுளித்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு சோற்றை அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.

ஆம், நான் பைபர் வேலை செய்திருக்கிறேன். அரச கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் கோப்புகளைத் தமிழாக்கிய நான், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஆள் கூப்பிடுகிற நான், ஓட்டமாவடியில் பூட்டிக் கிடந்த உன் படகுப் பட்டறையைத் திறந்து, உன் தூரிகையால் ஊஞ்சலுக்கு ஓர் இருக்கை செய்திருக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். வலப்பக்க விளிம்பு நாய் கடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் என் தங்கையின் கடைசி மகள் தர்ஷி அதில் சரியாமல் உட்காருகிறாள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. போன மாதம் பூங்காக் குழுவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உன் சேவையைப் பாராட்டி உனக்கு ஒரு நினைவுக் கல் வைக்கப் போகிறார்களாம். அதில் பொறிப்பதற்கு அழகிய தமிழில் மூன்று வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். உனக்குக் கல். அதுவும் அந்தப் பூங்காவில். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பரிகாசம் செய்யத் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறாரோ என்று ஒரு கணம் நம்பினேன். இல்லை. மனமார எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பூங்கா வந்த கதை உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கோபத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை சொல்லத்தான் வேண்டும்.

வாவிக்கரையில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கென்று விளையாட்டுப் பூங்கா வருகிறது என்றார்கள். மாரியில் வாவி பெருகினால் கரை மூழ்கும் என்பதால் இடுப்பளவு உயரத்தில் கொங்கிறீட் மேடை கட்டி, அதன்மேல் ஊஞ்சலும் சறுக்கியும் வைத்தார்கள். ஒரு பக்கம் படிகள். மறுபக்கம் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம், இரு புறமும் இரும்புக் கைபிடியோடு. இதுவரை பிழை சொல்ல ஒன்றுமில்லை. கட்டியவர்கள் உண்மையில் யோசித்துத்தான் கட்டியிருந்தார்கள்.

உபகரணங்கள் கொழும்பிலிருந்து லொறியில் வந்தன. அவற்றோடு வந்த கைந்நூலைத் தமிழாக்கிக் கொடுத்தது நான். 'இவ்விருக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்' என்று அதில் ஒரு வசனம் இருந்தது. தர்ஷியைத் தினமும் பார்க்கிற நான் அந்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பின்னொரு நாள் இதை உன்னிடம் சொல்லி, எழுதியிருப்பதைத்தானே நான் எழுத முடியும் என்று நியாயம் பேசினேன்.

"ஓட்டைத் தோணியெண்டு தெரிஞ்சா நான் தண்ணில இறக்கமாட்டன், மச்சான்" என்றாய். அத்தோடு விட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தாய்.

உன்னைப் பூங்காவுக்குக் கூப்பிட்டது ஊஞ்சலுக்காக அல்ல. லொறிப் பயணத்தில் சறுக்கியில் வெடிப்பு விழுந்துவிட்டது. அதுவும் பைபர், படகு ஒட்டுகிறவன் ஒட்டுவான் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். திறப்பு விழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. அன்றைக்குத்தான் குழுச் செயலாளர், ஊஞ்சலைப் பரீட்சிப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று சொல்ல, நான் சித்தாண்டியிலிருந்து தங்கையையும் தர்ஷியையும் ஓட்டோவில் கூட்டி வந்திருந்தேன்.

தர்ஷிக்கு அப்போது ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளைக்கு வந்த பாதிப்பு. முதுகு இடப்பக்கம் வளையும், இடுப்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும், பேச்சு இல்லை. பேச்சு இல்லையே தவிர அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. பிடித்தால் கண்ணை மேலே உயர்த்துவாள். பிடிக்காவிட்டால் நாக்கை நீட்டுவாள். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தெளிவாகக் கருத்துச் சொல்கிற ஆள் வேறு யாருமில்லை.

அந்தப் பெரிய மஞ்சள் இருக்கையில் அவளை வைத்தார்கள். நேரான முதுகுள்ள ஒரு பிள்ளைக்காகச் செய்யப்பட்ட இருக்கை. நேரான முதுகுள்ள பிள்ளைக்கு அது எதற்கு என்று செய்தவர்கள் கேட்கவில்லை. தர்ஷி மெதுவாக இடப்பக்கம் வழிந்தாள். வார் கழுத்துக்கு வந்தது. தங்கை பாய்ந்து பிடித்தாள். தர்ஷி நாக்கை நீளமாக நீட்டினாள்.

செயலாளர் கெட்டவர் அல்ல. இளம் வயது, பணிவான பேச்சு. குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பழகிடும், ஐயா" என்றார்.

நீ அப்போது சறுக்கிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாய். தேய்ப்பதை நிறுத்தினாய். எழுந்து வந்து தர்ஷிக்கு முன்னால் குந்தினாய். தங்கையிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

"என்ன கிளி, இது உனக்குச் சரிவரல்லியா?"

அவள் நாக்கை நீட்டினாள்.

"நான் ஒண்டு செஞ்சு தரட்டா?"

கண்ணை மேலே உயர்த்தினாள்.

ஒன்பது வருடத்தில் அந்தப் பிள்ளையிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் அவளுடைய தலைக்கு மேலால், தாயிடம் கேட்டார்கள். முதல் தடவையாக அவளிடமே கேட்டது சாறனை மடித்துக் கட்டிய, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி படிந்த ஒரு படகுக்காரன். இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. அதற்குரிய நிரல் இல்லை.

அடுத்த நாள் உன் பட்டறைக்கு வந்தோம். வாவி ஓரத்தில் நீ ஈர மணலைக் குவித்து, தட்டி இறுக்கி வைத்திருந்தாய். என் தங்கை அளவு நாடாவை எடுத்தாள். இயன்மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுகளும் ஒரு தாளில் இருந்தன. நீ தாளை வாங்கி மரியாதையாக வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாய்.

"நாடா எலும்பத்தான் அளக்கும், தங்கச்சி. பிள்ள இருக்கிற விதத்த அது அளக்காது."

மணலின் மேல் பொலித்தீன் விரித்து, அவளைத் தூக்கி அதில் இருத்தினாய். மணல் அவளுக்கு வழிவிட்டது. எங்கே உயரம் கூட என்று நீ கேட்கக் கேட்க அவள் நாக்கை நீட்டினாள். நீ கையை விட்டு அந்த இடத்தில் மணலைச் சுரண்டினாய். கண்ணை உயர்த்தியதும் நிறுத்தினாய். இடத்தோளுக்குக் கீழே ஒரு திண்டு, தலை சாய ஒரு மடல். முக்கால் மணித்தியாலம் இந்தப் பேச்சுவார்த்தை நடந்தது. நான் எத்தனையோ கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்திருக்கிறேன். இவ்வளவு பிரயோசனமான ஒன்றை அதற்கு முன் கண்டதில்லை. அவளைத் தூக்கியெடுத்த பிறகு மணலில் அவளுடைய இருப்பு அப்படியே இருந்தது: வளைந்த முதுகு, ஏறிய இடுப்பு, எல்லாம். அந்தக் குழிக்குள்ளேயே பைபர் விரிப்பைப் பதித்து ரெசின் பூசினாய்.

மூன்றாம் நாள் இருக்கை தயார். உள்ளே மெத்தென்று ஸ்பொஞ், வெளியே படகுக்கு அடிக்கிற நீலம். அடியில் ஒரு துளை இருந்தது. அது எதற்கு என்று தங்கை கேட்டாள்.

"தண்ணி நிக்கப்படாது. தோணிக்கும் போடுறதுதானே" என்று சொல்லிவிட்டு நீ அந்தப் பக்கம் போய்விட்டாய்.

மழைத் தண்ணீரை மட்டும் நீ சொல்லவில்லை என்று அவளுக்கு விளங்கியது. வெளியிடங்களுக்கு வந்தால் பிள்ளை இருந்த இடத்தை நனைத்துவிடுவாளோ என்று ஒன்பது வருடமாக முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்ற தாய் அவள். அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தாள்.

எட்டு நாள். பூங்கா ஊஞ்சலில் நீலம் தொங்கியது எட்டு நாள்தான். தர்ஷி ஆடினாள். காற்று முகத்தில் அடிக்கும்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்லலாம், ஆனால் அதைவிடக் கனமானது. கேள்விப்பட்டு ஏறாவூரிலிருந்து ஓர் உம்மா தன் மகனைக் கொண்டு வந்தார். செங்கலடியிலிருந்து இன்னும் இரண்டு பேர். உன் மணல் மேடு ஓயவில்லை. திறப்பு விழாவுக்கு முதல் நாள் நான்கு இருக்கைகள் இருந்தன, நான்கும் நான்கு விதம்.

நான் அந்த எட்டு நாளும் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? திறப்பு விழாக் கல்லுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொரு பெயர்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்கு 'கௌரவ', யாருக்கு 'திரு'. மூன்று தடவை ஒப்பு நோக்கினேன். அந்தக் கல்லில் ஒரு பிழை கிடையாது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். அது எங்கே நிற்கும் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அது சாய்தளத்தின் வாயில் நின்றது.

சக்கர நாற்காலி ஏறத் தொடங்குகிற இடத்தில், நட்ட நடுவில். விசாரித்தபோது காரணம் சொன்னார்கள். சுபநேரம் நெருங்கிவிட்டது, காய்ந்த கொங்கிறீட் அந்த இடத்தில்தான் இருந்தது, முன்னால் நின்று படமெடுக்கவும் அதுதான் வசதி. ஒவ்வொன்றும் சரியான காரணம். எல்லாச் சரியான காரணங்களும் சேர்ந்து ஒரு பிள்ளையும் ஏற முடியாதபடி வழியை அடைத்துவிட்டன. கல்லின் இரு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். சக்கரம் போகாது.

விழாவுக்கு முதல் நாள் மாலை உன் நான்கு இருக்கைகளும் கழற்றப்பட்டு, கழிப்பறைக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. தரச் சான்றிதழ் இல்லை என்றார்கள். தர்ஷியின் முதுகுக்குச் சான்றிதழ் கொடுக்கிற கந்தோர் எது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. எனக்கு எல்லாம் பிறகுதான் தோன்றும்.

அன்றைக்கு வந்த விருந்தினர்கள் படிகளால் ஏறினார்கள். பிள்ளைகள் சாய்தளத்துக்கு முன்னால், கல்லுக்கு வெளியே, வெயிலில் வரிசையாக நின்றார்கள். நாடா வெட்டியாயிற்று, திரை விலக்கியாயிற்று. அதன் பிறகுதான் பிள்ளையை ஊஞ்சலில் வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்று நினைவு வந்தது. நாற்காலி கல்லைத் தாண்டாது. ஒரு நிமிடம் எல்லோரும் கல்லையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு நான்கு பேர் வந்து தர்ஷியை நாற்காலியோடு தூக்கி, பதினொரு பெயர்களுக்கும் மேலால் கொண்டு போனார்கள். கைதட்டல் எழுந்தது. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது, 'கைகொடுக்கும் உள்ளங்கள்' என்ற தலைப்போடு.

மஞ்சள் இருக்கையில் அவள் திரும்பவும் வழிந்தாள். படமெடுப்பவர் காத்திருக்கிறார். அப்போது ஒரு பிரமுகர், நல்ல மனத்தோடுதான், தன் தோளில் போர்த்திய பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் பிள்ளையின் மார்பைச் சுற்றி எடுத்து ஊஞ்சல் சங்கிலியோடு கட்டினார்கள். சரிகைக் கரை வெளியே தெரியும்படி கட்டினார்கள். தர்ஷி தன்னால் முடிந்த அளவுக்கு நாக்கை நீட்டினாள். படத்தின் கீழே 'மகிழ்ச்சியில் திளைக்கும் சிறுமி' என்று போட்டார்கள்.

நீ கூட்டத்தின் பின்னால் நின்றாய். தூக்கிப் போனதையும் பார்த்தாய், கட்டியதையும் பார்த்தாய். முன்னால் வந்து செயலாளரிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாய்.

"சேர், கல்ல மூணடி தள்ளி வச்சா ஒருத்தரையும் தூக்கத் தேவல்ல."

கொங்கிறீட் இறுகிவிட்டது என்றார் அவர். நீ தலையாட்டினாய். என் பக்கம் திரும்பினாய்.

"கல்லக் கிளப்ப அலவாங்கு வேனுக்குள்ள கிடக்கு, மச்சான். பத்து நிமிஷ வேல."

நான் உன் கையைப் பிடித்தேன். இந்த இடத்தை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் கையைப் பிடித்து, "அவசரப்படாத, முறைப்படி ஒரு கடிதம் எழுதுவம்" என்று சொன்னது நான். செயலாளர் அல்ல, பிரமுகர் அல்ல, நான். நீ என் முகத்தைப் பார்த்தாய். உன் பார்வையில் கோபம் இல்லை. வெடித்த படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஒட்டாது என்று முடிவெடுக்கிறபோது நீ பார்க்கிற பார்வை அது.

"சரி, நீ எழுது. நீ எழுதி முடிக்கக்குள்ள இவளுக்குக் கலியாண வயசு வந்திரும்."

கழிப்பறைக்குப் பின்னால் போய் நான்கு இருக்கைகளையும் எடுத்து வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

நான் எழுதினேன். ஏழு கடிதங்கள். முதல் பதிலில் கோப்பு திறந்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவதில் கள ஆய்வு. மூன்றாவதில்தான் தமிழ் வசனநடையின் ஓர் உச்சத்தைக் கண்டேன்: கல்லை நகர்த்துவதாயின் அதில் பெயர் பொறிக்கப்பட்டுள்ள அனைவரினதும் எழுத்துமூலச் சம்மதம் பெறப்படல் வேண்டும். பதினொரு பேரில் மூன்று பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒருவர் மாற்றலாகிப் போனார். ஒருவர் வெளிநாட்டில். ஒருவர் தனக்கும் அந்தப் பூங்காவுக்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போது சொல்கிறார். இவ்வளவையும் உனக்கு வாசித்துக் காட்டியபோது நீ படகுக்கு அடியில் படுத்திருந்தாய்.

"அப்ப அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரனே இல்ல. அலவாங்கு வேனுக்குள்ளதான் கிடக்கு" என்றது உன் குரல்.

நீ கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. உன் பட்டறையில் படகு இயந்திரம் தூக்குகிற இரும்புச் சட்டத்தில் சங்கிலி போட்டு இருக்கையைத் தொங்கவிட்டாய். சனிக்கிழமைகளில் தாய்மார் பிள்ளைகளோடு வந்தார்கள். பழைய இயந்திரங்களுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் நடுவில், வாவிப் பக்கம் முகம் பார்க்க, ஒவ்வொரு பிள்ளையும் முறை வைத்து ஆடியது. அங்கே பெயர்ப் பலகை இல்லை. அறிக்கை இல்லை. பூங்காவில் அந்த நேரங்களில் காகங்கள் ஊஞ்சல் சட்டத்தில் இருந்தன. அவற்றுக்குச் சாய்தளம் தேவைப்படவில்லை.

பிறகு நீ செத்துப்போனாய். போன வருடம், நெல் வெட்டி முடிந்த கையோடு. காலை எட்டு மணிக்கு, கவிழ்த்து வைத்த படகில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி. செய்தி கேட்டுச் செங்கலடியில் பஸ் ஏறி நான் வந்து சேர்வதற்குள் உன்னைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள். உன்னை அடக்கம் செய்த மையவாடியின் வாசல் வரைக்கும் பின்னால் வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் பிடித்த பிடியை நீ ஏன் உதறவில்லை? ஒரு மொழிபெயர்ப்பாளனின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்துவிடும்?

உன் மனைவி உனக்காக வெளியே வராமல் இத்தாவில் இருந்த நான்கு மாதமும் பட்டறை பூட்டியிருந்தது. நாங்கள் கேட்கவும் இல்லை. முதல் சனிக்கிழமை தர்ஷி ஓட்டோச் சத்தம் வரும் நேரத்துக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். தங்கை உன் செய்தியை அவளுக்குச் சொன்னாள். அவள் கண்ணையும் உயர்த்தவில்லை, நாக்கையும் நீட்டவில்லை.

நான்கு மாதத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டது. பட்டறை திறந்து உட்கார வைத்தபோது இருக்கை இடுப்பை அழுத்திச் சிவக்க வைத்தது. இயன்மருத்துவர் பார்த்துவிட்டு இனி அதில் வைக்கவேண்டாம் என்றார். நான் வாழைச்சேனையில் மூன்று பைபர்க்காரரைத் தேடிப் போனேன். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: அளவு எத்தனை?

குழுவின் கடிதம் வந்தது இந்த நேரத்தில்தான். உன் கல் எங்கே நிற்கும் என்று இந்தத் தடவை கேட்கவேண்டும் என்ற அறிவு எனக்கு இருந்தது. நேரே பூங்காவுக்குப் போனேன். சாய்தளத்தின் உச்சியில், மேடையோடு சேருகிற இடத்தில், முளை அடித்து நூல் கட்டியிருந்தது. கீழே ஒரு கல், மேலே ஒரு கல். பார்வைக்குச் சமச்சீராக இருக்கும் என்றார் செயலாளர்.

"அவர்ட பேர ஏறி வாற எல்லாரும் காணோணும், ஐயா. அதுக்குத்தான் இந்த இடம்."

"ஏறி வாறது ஆரு, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் கீழே இருந்த கல்லைப் பார்த்தார். சாய்தளத்தைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, அதைக் குழுவில் கதைப்பதாகச் சொன்னார். அந்த மனிதரை வெறுக்க நான் எவ்வளவோ முயல்கிறேன். அவருக்குப் பதிலாக என் முகம்தான் வந்து நிற்கிறது.

அன்றைக்கே ஓட்டமாவடிக்கு வந்தேன். உன் மனைவியிடம் பட்டறைப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். என்னுடைய மடிப்புக் குலையாத சட்டையைப் பார்த்துவிட்டு, உன் பழைய சாறன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மணலை நனைத்துக் குவித்தேன். நீ செய்த மாதிரித் தட்டினேன். தர்ஷியை இப்போது இரண்டு பேர் தூக்கவேண்டும். தங்கையும் உன் மனைவியும் தூக்கி இருத்தினார்கள். நான் முன்னால் குந்திக்கொண்டு கேட்டேன். நாக்கை நீட்டினாள். சுரண்டினேன். திரும்பவும் நீட்டினாள். அவளுக்கு உன் கையின் கணக்குத் தெரியும். என் கையை அவள் இலேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் கண்ணை உயர்த்தினாள். எனக்கு வேலையில் கிடைத்த எந்தப் பதவி உயர்வும் அப்படி இருந்ததில்லை.

முதல் இருக்கை பாழ். இறுக வைக்கிற மருந்தை நான் தாராளமாக ஊற்றிவிட, ரெசின் புகைந்து, வெடித்து, கறுத்துப் போனது. உன் மனைவி கதவடியில் நின்று பார்த்தார்.

"அண்ணன், அது தேத்தண்ணிக்குச் சீனி போடுறதில்ல. மூடிக் கணக்கு இரிக்கி" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு வருடமும் உனக்கு ரெசின் கலந்து கொடுத்தது அவர்தான் என்று. நீ ஒரு நாளும் சொல்லவில்லை. உன்மேல் எனக்குள்ள கோபங்களில் இதையும் சேர்த்துக்கொள். இரண்டாவதை அவர் கலந்தார், நான் பூசினேன். அது இறுகியது. அடியில் மறக்காமல் துளை போட்டேன். நேற்றுத் தர்ஷியை அதில் வைத்துப் பார்த்தோம். சரியவில்லை.

அதை உன் இரும்புச் சட்டத்தில் தொங்கவிடலாம் என்றார் உன் மனைவி. வேண்டாம் என்றேன். படகு இயந்திரங்களுக்கு நடுவில் ஆடியது போதும். அவளுக்கென்று சொல்லிக் கட்டிய ஊஞ்சல் வாவிக்கரையில் காகங்களோடு நிற்கிறது. இருக்கை அங்கேதான் போகவேண்டும். அதற்கு அவள் தன் நாற்காலியிலேயே, யாரும் தூக்காமல், கைதட்டாமல் ஏறவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. உனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

குழுவுக்கு அவர்கள் கேட்ட மூன்று வரியை எழுதி அனுப்பிவிட்டேன். நீ வாசிக்கவேண்டும் என்பதற்காக இங்கே பிரதி செய்கிறேன். 'அன்னாருக்குக் கல் தேவையில்லை. சாய்தளத்தின் வாயில் மூன்றடி வெற்றிடம் விடப்படின் அதுவே அன்னாரின் நினைவுச் சின்னமாகும். அதில் எதையும் பொறிக்க வேண்டியதில்லை.'

கீழே, என் பழைய கந்தோர் நடையில், ஒரு பந்தி சேர்த்தேன். இத்தினத்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் மேற்படி கல் மூன்றடி நகர்த்தப்படாதவிடத்து அப்பணியை நானே நிறைவேற்றுவேன் என அறியத்தருகிறேன். பதினொரு பெயர்களுக்கும் சேதம் ஏற்படாதவாறு உரிய கவனம் எடுக்கப்படும்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததாகப் பதில் வந்தது. எட்டாவது கடிதமும் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளதாம்.

உன் வேனை விற்றுவிட்டார்கள். விற்பதற்கு முன் உன் மனைவி அதற்குள்ளிருந்து அலவாங்கை எடுத்து வைத்திருந்தார். நேற்று நான் இருக்கையோடு புறப்படும்போது அதையும் ஓட்டோவில் வைத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அது என் முன்கதவுக்குப் பக்கத்தில், குடை நிற்கிற மூலையில், சாய்ந்து நிற்கிறது.

இன்று பன்னிரண்டாம் நாள். நான் நினைத்ததைவிட அது பாரம். நேற்று மாலை ஐந்து தடவை, இன்று காலை பத்துத் தடவை தூக்கிப் பார்த்தேன். பழகிக்கொண்டு வருகிறது.